ஆம்ப்ளிஃபயரைத் திணறடித்த ஸ்பீக்கர்

1980-களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த அப்போஜி அகூஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் ‘சின்டில்லா’ என்றொரு ஸ்பீக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாம் பார்த்துப் பழகிய மரப்பெட்டி அதில் கிடையாது; காகிதக் கூம்பும் கிடையாது. காந்த வரிசையை ஒட்டி மெல்லிய அலுமினியத் தாள் தொங்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் தாளே அதிர்ந்து பாடும். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதுவரை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் இதோடு சேர்ந்ததும் கொதித்தது, ஃப்யூஸைப் போக்கியது, சில வீடுகளில் டிரான்சிஸ்டர்களையே பலிகொடுத்தது.

ஸ்பீக்கரில் கோளாறு ஒன்றுமில்லை. அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 1 ஓம். அவ்வளவுதான்.

சாதாரண ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 6, சிலவற்றில் 4. ஆம்ப்ளிஃபயர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பாட்டின் அலை வடிவத்தில் ஒரு மின்னழுத்தத்தை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் நிறுத்துவது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை ஆம்ப்ளிஃபயர் முடிவு செய்வதில்லை, ஸ்பீக்கர்தான் முடிவு செய்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான் இது. 20 வோல்ட்டை 8 ஓமுக்குக் கொடுத்தால் 2.5 ஆம்பியர் ஓடும். திறன் 50 வாட். அதே 20 வோல்ட்டை 1 ஓமுக்குக் கொடுத்தால் 20 ஆம்பியர். திறன் 400 வாட். குளியலறையில் இருக்கும் 2000 வாட் கீசர்கூட 9 ஆம்பியருக்குக் குறைவாகத்தான் இழுக்கிறது. வால்யூம் குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பாட்டும் அதேதான், ஆனால் ஆம்ப்ளிஃபயரிடம் கேட்கப்படுவது எட்டு மடங்கு.

எதற்காக இப்படி ஒரு ஸ்பீக்கரைச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். வேண்டுமென்று செய்ததல்ல. வழக்கமான ஸ்பீக்கரில் காந்த இடைவெளிக்குள் பல சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி இருக்கும். வாய்ஸ் காயில் என்பார்கள். நீண்ட, மெல்லிய கம்பி என்பதால் அதற்கு ஓரளவு மின்தடை உண்டு. அலுமினியத் தாளோ குட்டையானது, அகலமானது. மின்தடை மிகக் குறைவு. ரிப்பன் வகை ஸ்பீக்கர் செய்பவர்கள் பொதுவாக நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு இந்தச் சுமையை ஆம்ப்ளிஃபயரின் கண்ணில் படாமல் மறைத்துவிடுவார்கள். அப்போஜிக்காரர்கள் அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒலியைக் கெடுக்கும் என்று ஒதுக்கினார்கள். பயந்தவர்களுக்காக 4 ஓமாக மாற்றி இணைக்கவும் வழி வைத்திருந்தார்கள். ஆனால் இந்த மாதிரிப் பித்து பிடித்தவர்களிடம் போய் ‘சுலபமான வழி இருக்கிறது’ என்றால் கேட்பார்களா?

அந்தப் பித்துக்கு மருந்து பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் இருந்து வந்தது. டான் டாகஸ்டினோவும் ரோன்டி டாகஸ்டினோவும் 1980-ல் தொடங்கிய நிறுவனம் கிரெல். ‘ஃபர்பிடன் பிளானட்’ என்ற 1956-ஆம் ஆண்டு அறிவியல் புனைவுப் படத்தில் அளவில்லாத ஆற்றல் படைத்த ஓர் இனம் வரும். அதன் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். இவர்களுடைய கேஎஸ்ஏ-50 என்ற ஆம்ப்ளிஃபயரின் பெயரில் இருப்பது வெறும் 50 வாட். கடையில் அதே காலத்து 100 வாட் ஜப்பானிய ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்தால் விவரம் தெரியாதவர் ரிசீவரைத்தான் எடுப்பார். ஆனால் கிரெல் 8 ஓமில் 50 வாட் என்றால் 4 ஓமில் 100, 2 ஓமில் 200, 1 ஓமில் 400 என்று இரட்டித்துக்கொண்டே போகும். அதாவது ஸ்பீக்கர் எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் மின்னழுத்தம் அசையாது. இதற்கு அது கொடுத்த விலை வெப்பம். ‘கிளாஸ் ஏ’ முறையில் இயங்குவதால், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில நூறு வாட்டைச் சுவரிலிருந்து இழுத்து அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம்மூர் மே மாதத்தில் இதை நினைத்தாலே வியர்க்கிறது.

ரிசீவர் ஏன் இரட்டிக்க முடியாமல் நின்றுவிடுகிறது? காலையில் கிரைண்டரைப் போடும்போது வீட்டு பல்ப் ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கிறது. தெருக் கம்பியிலும் வீட்டு வயரிலும் உள்ள சின்ன மின்தடையில் சில வோல்ட் விழுந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறங்கி, பெரிய மின்தேக்கிகளில் நிரம்புகிறது. டிரான்சிஸ்டர்கள் அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கின்றன. 50 வோல்ட்டில் நிற்கும் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றில் உள்ள ஆற்றல் 12.5 ஜூல். 400 வாட் வேகத்தில் எடுத்தால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் காலியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, மின்தேக்கி சின்னது என்றால் தவிலில் ஒரு பலத்த அடி விழும்போது உள்ளே மின்னழுத்தம் இறங்கும். அலையின் உச்சி வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாகவோ, தவிலின் கூர்மை மழுங்கியதாகவோ கேட்கும். நல்ல ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்வது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பாலும் செம்பாலும்தான். (புதிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் கைப்பைக்குள் அடங்கும் அளவில் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அவற்றிலும் மின்வழங்கிக்கு ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது.)

இதுவரை இம்பீடன்ஸை மாறாத ஓர் எண்ணாகவே பேசிவிட்டேன். உண்மை அப்படி இல்லை. விஷயம் சூடுபிடிப்பதே இங்கேதான்.

வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால், ஒரு 8 ஓம் ஸ்பீக்கரின் வயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு அதன் முனைகளை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 6 ஓமை ஒட்டித்தான் காட்டும். மீட்டரில் பிழை இல்லை. அது அளப்பது சும்மா கிடக்கும் செம்புக் கம்பியை. அடுத்து இன்னொன்று செய்யலாம். அடி ஸ்வரங்களைப் பாடும் ஊஃபர் கூம்பை விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ‘தொம்’ என்று கொஞ்சம் நீண்டு அதிரும். இப்போது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். ‘தப்’ என்று உடனே அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் இல்லை, மின்சாரம் இல்லை, இருந்தும் கூம்பைப் பிடித்து நிறுத்தியது எது? காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள் தானே மின்சாரம் உண்டாக்கும். வயர் இணைத்ததும் அந்த மின்சாரம் ஓட வழி கிடைக்கிறது. அது அசைவை எதிர்த்து இழுக்கிறது. அதாவது ஸ்பீக்கர் ஒரு மோட்டார், அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும்கூட. ஆம்ப்ளிஃபயர் அனுப்புவதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பொருள் அல்ல. திருப்பித் தள்ளும்.

கூம்புக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பெட்டிக்குப் பெட்டி மாறும்; 50, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருதியில் கூம்பு தானாகவே குதித்தாடும். அதனால் திருப்பித் தள்ளுவதும் அதிகம். 8 ஓம் ஸ்பீக்கர் அங்கே 30 ஓமையும் தாண்டிக் காட்டலாம். அந்தச் சுருதியைத் தாண்டினால் இம்பீடன்ஸ் இறங்கி, மிருதங்கத்தின் இடந்தலையும் ஆண்குரலின் அடிப்பகுதியும் வரும் இடத்தில் பள்ளமாகி, உச்சஸ்தாயியில் சுருளின் தூண்டல் காரணமாக மீண்டும் ஏறும். போதாததற்கு ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பாட்டைப் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்று தன் பங்குக்கு மேடு பள்ளங்களைச் சேர்க்கும். ஆக 8 ஓம் என்பது ஒரு மலைத்தொடருக்கு ஒற்றை எண்ணில் உயரம் சொன்ன கதை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரப்படி, குறிப்பிட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே பள்ளம் இறங்கக்கூடாது. 8 ஓம் என்று அச்சிட்டால் 6.4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. இதை மதிக்கும் நிறுவனங்கள் உண்டு. 8 என்று அச்சிட்டு 3-க்கு இறங்கும் ஸ்பீக்கர்களும் கூச்சமில்லாமல் விற்கின்றன.

பள்ளத்தைவிடப் பொல்லாதது ஒன்று இருக்கிறது: மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல் முன்பின்னாக வருவது. இதைக் கட்டக் கோணம் என்பார்கள். வெறும் மின்தடை என்றால் இரண்டும் கைகோத்து ஏறி இறங்கும். ஸ்பீக்கருக்கு அதிக மின்னோட்டம் போகும் கணத்தில் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் அதிகமாக இருப்பதால், டிரான்சிஸ்டரின் தலையில் மிஞ்சுவது கொஞ்சம்தான், சூடு குறைவு. கட்டம் பிசகினால், ஸ்பீக்கரின் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும்போதே பெரும் மின்னோட்டம் கேட்கப்படுகிறது. அப்போது மின்வழங்கியின் முழு மின்னழுத்தமும் டிரான்சிஸ்டர் மேல் நிற்கிறது. அந்த மின்னழுத்தமும் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்து அத்தனையும் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. கணக்குப் போட்டால் அதிர்ச்சியாக இருக்கும்: 8 ஓம் சுமை, கட்டம் 45 டிகிரி பிசகியிருந்தால், டிரான்சிஸ்டர் படும் உச்ச வேதனை 3 ஓமுக்கும் குறைந்த மின்தடையை ஓட்டுவதற்குச் சமம். 4 ஓமும் 45 டிகிரியும் சேர்ந்தால் 1.4 ஓம். கீத் ஹோவர்டு என்ற பிரிட்டிஷ் ஆடியோ எழுத்தாளர் இந்தச் சமான எண்ணை ஸ்பீக்கர் மதிப்புரைகளில் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பினார். விவரமறிந்தவர்கள் இப்போது முதலில் தேடுவது அதைத்தான். இதில் ஒரு வேடிக்கை. எல்லாரும் அஞ்சிய சின்டில்லாவின் 1 ஓம், ஏறக்குறைய வெறும் மின்தடை. கட்டப் பிசகு அதிகமில்லை. முரட்டு ஆள், ஆனால் வஞ்சகமில்லாதவன். அழகான மரப்பெட்டிக்குள் 4 ஓமும் பெரிய கட்டக் கோணமும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஸ்பீக்கர்தான் சத்தமில்லாமல் கழுத்தறுக்கும்.

ஃபின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டலா 1987-ல், கடையில் கிடைக்கும் ஸ்பீக்கர்களை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். சுமையின் குணத்துக்கு ஏற்ப வகையாக வடிவமைத்த அலைகளைக் கொடுத்தால், 8 ஓம் மின்தடை இழுப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் மின்னோட்டத்தைச் சில ஸ்பீக்கர்கள் ஒரு கணம் இழுக்கும் என்று காட்டினார். அது பாட்டில் அன்றாடம் நடப்பதல்ல. ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்ப்பதற்கென்றே வகுத்த அலை. இருந்தாலும் 8 ஓம் மின்தடையை மேஜையில் வைத்து அளந்து ‘100 வாட்’ என்று முத்திரை குத்தும் பழக்கம் எவ்வளவு அரைகுறை என்பதை அந்த ஆய்வு பொறியாளர்களுக்கு உறைக்கச் செய்தது.

ஸ்பீக்கர்கள் இப்படிப் பசியெடுத்து அலைவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1946-ல் பால் கிளிப்ஷ் ஆர்கன்சாவில் செய்யத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையையே ஊதுகுழலாகப் பயன்படுத்திக்கொண்டது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். 1954-ல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற சிறிய, மூடிய பெட்டியைக் கொண்டுவந்தார். அலமாரியில் வைக்கக்கூடிய அளவில் அதுவரை கேட்டிராத ஆழமான பேஸ். விலையாக அவர் விட்டுக்கொடுத்தது செயல்திறன். பின்னாளில் கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் இதை ஒரு விதியாகவே வகுத்தார்: ஆழமான பேஸ், சிறிய பெட்டி, அதிகச் செயல்திறன் – மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. இரண்டு ராட்சதப் பெட்டிகளைக் கூடத்தில் வைக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? எனவே சிறிய பெட்டி வென்றது. டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் செயல்திறன் பற்றிய கவலையும் போயிற்று. இன்று 87 டெசிபல் என்று விற்கும் ஒரு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் அரை வாட்கூட ஒலியாக வெளியே வராது. மிச்சமெல்லாம் வாய்ஸ் காயிலைச் சூடாக்கத்தான். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ 82, 83 டெசிபலில் நிற்கிறது. கிளிப்ஷ்ஹார்னோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு. அதே சத்தத்துக்கு 100 மடங்கு வாட் வேண்டும்.

டெசிபல் எண்ணிலும் ஒரு சித்துவேலை நடக்கிறது. பலர் அதை 1 வாட்டில் அளப்பதில்லை, 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 8 ஓமில் அது சரியாக 1 வாட். 4 ஓமிலோ 2 வாட். இம்பீடன்ஸைக் குறைத்தாலே காகிதத்தில் 3 டெசிபல் இனாமாகக் கிடைத்துவிடுகிறது. அந்த இனாமுக்கான பில்லைக் கட்டுவது உங்கள் ஆம்ப்ளிஃபயர்.

மின்னோட்டம் மட்டுமே பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் வடிவமைத்து 1957-ல் விற்பனைக்கு வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வேறு ரகம். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அதிரும். மின்சாரக் கண்ணுக்கு அது ஒரு மின்தேக்கி. அடி ஸ்வரங்களில் இம்பீடன்ஸ் தாராளம்; உச்சத்தில் 2 ஓம் வரை சரிந்துவிடும். வாக்கரின் சொந்த 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரான குவாட் II அதை இனிமையாகப் பாடவைத்தது. பலசாலியான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் சில அந்த மின்தேக்கியைக் கண்டு நிலைகுலைந்து, காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தாமாகவே அலைந்து சூடேறின. வேறு சில அளவுக்கு மேல் வோல்ட்டைக் கொடுத்துப் படலத்தில் பொறி பறக்கவைத்தன. இங்கே வலிமை இருந்ததே வம்பு.

வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றதும் உருகுபவர்களுக்கு ஒரு கணக்கு. எதிரூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்தும் முறை) இல்லாத சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலேயே 3 ஓம் வரை உள்தடை இருக்கலாம். 4 ஓமுக்கும் 24 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஸ்பீக்கரை அதில் மாட்டினால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 4 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது காதுக்குத் தெளிவாகக் கேட்கும் மாற்றம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தையே ஈக்வலைசர் ஆக்கியதற்குச் சமம். ‘வால்வின் இதம்’ என்று சிலாகிப்பதில் கணிசமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களிடம் சவால் விட்டு, தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை, அவர்கள் கொடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து இரண்டே நாளில் திருத்தினார். இரண்டும் வெளியிடும் அலைகளின் வித்தியாசத்தை மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு, அந்த வித்தியாசம் ஏறக்குறைய மௌனமாகும் வரை மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் ஆசிரியர்களால் இரண்டையும் வேறுபடுத்த முடியவில்லை. ஆடியோ உலகில் இதை இன்னமும் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால் நிறைய விளம்பர வாசகங்களை அழிக்க வேண்டியிருக்கும்.

நமக்கு உண்மையில் எவ்வளவு வாட் வேண்டும்? 87 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து நிதானமாகக் கச்சேரி கேட்டால், பெரும்பாலான நேரம் அரை வாட்கூடச் செலவாகாது. ஆனால் பதிவு நன்றாக இருந்தால் தவிலடியும் தாளத்தட்டும் சராசரியைவிட 20 டெசிபல் எகிறும். அந்தக் கணத்துக்கு 100 மடங்கு. அரை வாட் 50 வாட் ஆகிவிடும், அதுவும் இம்பீடன்ஸ் பள்ளத்தில். தேவைப்படுவது எப்போதும் ஓடும் பெரிய வாட் அல்ல. கணநேரத்தில் தளராத மின்னோட்டம்.

நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் மேல் ‘1000 வாட் பிஎம்பிஓ’ (கணநேர உச்சத் திறனாம்) என்று தங்க எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதே செட்டைத் திருப்பினால், சுவரிலிருந்து எடுப்பது சில பத்து வாட்தான் என்று பொடி எழுத்தில் இருக்கும். எடுப்பதைவிட அதிகமாக எந்த இயந்திரமும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. இத்தகைய கூத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு 1974-லேயே விதி போட்டது. நம் ஊரில் அந்த ஸ்டிக்கர்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் ஸ்பீக்கரைக் காதால் தேர்ந்தெடுங்கள். ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பிறகு. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தைத் தேடுங்கள். சுதந்திரமாக அளந்து வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் 6 ஓமுக்கு மேல் என்றால் நடுத்தர விலை ஆம்ப்ளிஃபயரே போதும். பணத்தை இசைத்தட்டுகளுக்குச் செலவழியுங்கள். 3 ஓம் என்றால் ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம், 2 ஓம் வாட் கணக்கைக் கேளுங்கள். 8 ஓம் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மற்றதற்கு மழுப்பும் விற்பனையாளரிடம் அந்த ஜோடியை வாங்காதீர்கள்.